ரோகன் ஜோஷின் சிவப்பு: மிளகு, மிளகாய், சிறுதீ பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

காஷ்மீரத்து ரோகன் ஜோஷை உண்டவர்கள் அதை முதலில் நிறத்தால் நினைவுகூர்வார்கள். செம்மறியாட்டின் தோள், கால் பகுதி இறைச்சி சிறுதீயில் மணிக்கணக்கில் வெந்து, எலும்பை விட்டு நழுவும் பதத்தில் இருக்கும். அதன்மேல் செக்கச் சிவந்த கொழுப்பு ஏடாகப் படர்ந்திருக்கும். இன்று அந்தச் சிவப்பைத் தருவது பெரும்பாலும் காஷ்மீரி மிளகாய்தான். அதே வேளையில் இவ்வுணவு ‘பன்னெடுங்காலப் பழமை உடையது’, ‘மாறாத மரபு’ என்றெல்லாம் உணவகப் பட்டியல்களிலும் காணொளிகளிலும் அறிமுகப்படுத்தப்படுகிறது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492ஆம் ஆண்டுக்கு முன் இந்தியாவின் எந்தச் சமையலறையிலும் அது இருந்திருக்க வழியில்லை.

இந்த முரணைச் சுட்டிக்காட்டிவிட்டு, ‘ஆகவே பழமை என்பது பொய்’ என்று முடித்துவிடுவது எளிது. என் கருத்தில் அதுவும் பிழையான முடிவே. ஓர் உணவின் வயதை அதன் மிக இளைய பொருளைக் கொண்டு கணிப்பது, ஒரு மொழியின் வயதை அதிலுள்ள மிகப் புதிய கடன்சொல்லைக் கொண்டு கணிப்பதைப் போன்றது. ‘பேருந்து’ என்ற சொல் தமிழில் இருப்பதால் தமிழ் இருபதாம் நூற்றாண்டு மொழியாகிவிடாது. தமிழ் பழமையானது என்பதால் ‘பேருந்து’ சங்ககாலச் சொல்லும் ஆகிவிடாது. உணவு வரலாற்றிலும் அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரோகன் ஜோஷில் எது பழைய அடுக்கு, எது புதிய அடுக்கு, புதியது பழையதற்குள் எவ்வாறு பிசிறின்றிப் பொருந்தியது என்பனவே இப்பதிவின் கேள்விகள்.

1. பெயர் என்ன சொல்கிறது?

ரோகன், ஜோஷ் ஆகிய இரண்டும் பாரசீகச் சொற்கள். ரோகன் என்பது நெய், எண்ணெய், உருக்கிய கொழுப்பு ஆகியவற்றைக் குறிக்கும். ஜோஷ் என்பது கொதிப்பு, பொங்குதல். ‘கொழுப்பில் கொதித்தது’ என்பது நேர்ப்பொருள். மற்றொரு விளக்கமும் வழக்கில் உண்டு. உருதுவில் ரோகனுக்கு மெருகெண்ணெய், வண்ணப்பூச்சு என்ற பொருளும் இருப்பதால், அதை நிறத்தைச் சுட்டுவதாகக் கொண்டு, ஜோஷ் என்பதை இறைச்சியைக் குறிக்கும் ‘கோஷ்த்’ என்பதன் திரிபு என்பர். அதாவது ‘சிவந்த இறைச்சி’. இரண்டாம் விளக்கம் கேட்பதற்கு இனியது. ஆனால் ஒலியியல் அதற்கு அவ்வளவாகத் துணைநிற்கவில்லை. ககரம் சகர, ஜகர இனமாகத் திரிவது பொதுவாக இகர, எகரம் போன்ற முன்னுயிர்களின் அருகில் நிகழும் மாற்றம். ஓகாரத்தின் முன் அத்திரிபுக்குத் தனிக் காரணம் காட்டியாக வேண்டும். எனவே முதல் விளக்கமே வலுவுடையதாகத் தோன்றுகிறது.

எந்த விளக்கத்தை ஏற்றாலும் ஒன்று தெளிவு: பெயரில் மிளகாய் இல்லை. பெயர் குறிப்பிடுவது கொழுப்பையும் கொதிப்பையும். சமையலின் அடித்தளத்தைப் பெயர் பாதுகாத்து வைத்திருக்கிறது.

2. மிளகின் பெயரைப் பெற்ற காய்

மிளகாய் இந்தியாவுக்கு வந்தபோது எந்தப் பெயரைச் சூடிக்கொண்டது என்பதைப் பார்த்தால், எந்தப் பொருளின் இடத்துக்கு அது வந்தது என்பது விளங்கும். தமிழில் மிளகு, காய் என்னும் இரு சொற்கள் சேர்ந்து மிளகாய் ஆயிற்று. கன்னடத்தில் மெணசு என்றால் மிளகு. மெணசினகாயி என்றால் மிளகாய். தெலுங்கில் மிரியாலு மிளகு, மிரபகாய மிளகாய். மராத்தியில் மிரீ, மிர்ச்சி. குஜராத்தியில் மரீ, மர்சு. வடமொழியின் ‘மரிச’ என்ற மிளகுப் பெயரிலிருந்து வந்த ‘மிர்ச்’ இந்தியில் இன்று மிளகாயையே முதன்மையாகக் குறிக்கிறது.

காஷ்மீரியில் மிளகாயின் பெயர் இன்னும் சுவையானது: மர்ச்சவாங்குன். மர்ச்ச என்பது மிளகு, வாங்குன் என்பது கத்தரிக்காய். ‘மிளகுக் கத்தரி’ என்று பெயரிட்ட அந்தப் பெயரறியா மக்கள் காரத்தை மட்டுமன்றிச் செடியையும் உற்றுநோக்கியிருக்கிறார்கள். மிளகாயும் கத்தரியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைத் தாவரவியல் வகைப்பாடு பின்னர்தான் வரையறுத்தது.

புதிய பொருள் பழைய பெயரை எடுத்துக்கொள்ளும்போது பழைய பொருளுக்கு அடைமொழி தேவைப்படும். இந்தியில் மிளகு ‘காலீ மிர்ச்’, அதாவது கருமிளகு ஆனது. வங்காளத்தில் அது ‘கோல்மொரிச்’, உருண்டை மிளகு. கன்னடத்தில் ‘காளு மெணசு’, மணி மிளகு. மலையாளத்தில் ‘முளகு’ என்றாலே இன்று மிளகாய். பழைய மிளகு ‘குருமுளகு’ அல்லது ‘நல்லமுளகு’. நாஞ்சில் நாட்டுத் தமிழிலும் ‘நல்லமிளகு’ என்ற வழக்கு உண்டு. வீட்டுக்கு வந்த விருந்தாளி கூடத்தில் அமர்ந்துகொள்ள, வீட்டுக்காரர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள நேர்ந்த நிலை இது. மலையாளத்தில் மிளகாய்க்குக் ‘கப்பல்முளகு’ என்ற பெயரும் உண்டு. வந்த வழியை அச்சொல் மறக்கவில்லை. வங்காளத்தார் அதை ‘லங்கா’ என்று அழைத்தனர். கடல்கடந்து வந்தது என்ற எண்ணம் அதிலும் தொனிக்கிறது.

இந்தப் பெயர்க் குழப்பம் இந்தியாவில் தொடங்கியதன்று. கொலம்பசு தேடிப் புறப்பட்டதே மிளகைத்தான். கிடைத்த காரக்காய்க்கு மிளகின் பெயரையே இசுப்பானியர் சூட்டினர். இசுப்பானியத்தில் மிளகு ‘பிமியெந்தா’, மிளகாய் ‘பிமியெந்தோ’. பால்விகுதி மட்டுமே வேறுபாடு. இவற்றின் மூலமான இலத்தீன் சொல் ‘பிக்மெந்தா’, அதாவது நிறமிகள். மிளகாயின் வரலாற்றில் நிறத்தின் பங்கைப் பின்னர் பார்க்கப் போகிறோம். இச்சொல்லை நினைவில் வைத்திருங்கள். ஆங்கிலத்தின் ‘பெப்பர்’, இலத்தீனின் ‘பிப்பெர்’, கிரேக்கத்தின் ‘பெப்பெரி’ ஆகியவை நம் ‘பிப்பலி’யிலிருந்து, அதாவது திப்பிலியிலிருந்து சென்றவை. 1542இல் செர்மானியத் தாவர அறிஞர் லெயோன்ஹார்ட் ஃபுக்ஸ் தம் மூலிகை நூலில் மிளகாய்ச் செடியைப் படமாக வெளியிட்டபோது, அதற்குக் ‘கள்ளிக்கோட்டை மிளகு’ என்ற பெயரும் வழங்கியது. அமெரிக்கச் செடி அரை நூற்றாண்டுக்குள் இந்தியச் செடியாக எண்ணப்பட்டுவிட்டது.

தமிழ் மாணவர்களுக்கு ஒரு துணைச்செய்தி. சங்க இலக்கியத்தில் மிளகுக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று ‘கறி’. யவனர் கலம் பொன்னொடு வந்து மிளகொடு மீளும் செய்தியைக் கூறும் அகநானூற்றின் 149ஆம் பாடலில் ஆளப்பட்டிருப்பது அச்சொல்லே. இன்று ‘கறி எடுத்து வா’ என்றால் நாம் இறைச்சிக் கடைக்குப் போகிறோம். மிளகையும் இறைச்சியையும் ஒரே சொல்வடிவம் குறிப்பதை மட்டும் வைத்து ஒரு கோட்பாடு கட்ட முடியாது. ஆனால் பழைய ஏட்டில் ஒரு சொல்லைக் கண்டவுடன் இன்றைய பொருளை அதன்மேல் ஏற்றக்கூடாது என்பதற்கு இதைவிட அண்மையான சான்று தேவையில்லை.

3. மிளகாய்க்கு முந்தைய அடுப்புகள்

மிளகாய்க்கு முன்பே இந்திய அடுப்புகளில் இறைச்சி நன்கு மசாலா ஏற்றிச் சமைக்கப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்றுகள் பல. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுத்த மானசோல்லாசத்தின் உணவுப் பகுதியில் இறைச்சி வகைகள் விரிவாக இடம்பெறுகின்றன. அவற்றின் காரம் மிளகும் இஞ்சியும். மணம் பெருங்காயமும் சீரகமும்.

மாளவத்தின் மாண்டு நகரில் 1469 முதல் 1500 வரை ஆண்ட கியாத் ஷாவின் அவையில் உருவாகத் தொடங்கிய ‘நிமத்நாமா’ இன்னொரு சான்று. இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ள இந்த ஓவியச் சுவடியில் இறைச்சிக் குறிப்புகளுக்குக் குறைவில்லை. மிளகு, ஏலம், கிராம்பு, இஞ்சி, வெந்தயம், பெருங்காயம், குங்குமப்பூ அனைத்தும் உண்டு, மிளகாய் இல்லை. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தது 1498இல். பிரேசிலையும் இந்தியாவையும் ஒரே கடற்பயணத்தில் இணைத்த கப்ராலின் கப்பல்கள் வந்தது 1500இல். கோவா போர்த்துக்கீசியர் வசமானது 1510இல். மாண்டு அடுப்பில் மிளகாய் இல்லாமைக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

அடுத்த சான்று எடையுடையது. 1590களில் அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரி, அக்பரின் சமையற்கூடத்து உணவுகளை மூன்று வகையாகப் பிரித்து, வகைக்குப் பத்தாக முப்பது உணவுகளின் பொருளளவுகளைத் தருகிறது. அவற்றுள் ஒன்று ‘தம்புக்த்’. பத்து சேர் இறைச்சிக்கு இரண்டு சேர் நெய், ஒரு சேர் வெங்காயம், பச்சை இஞ்சி, மிளகு, கிராம்பு, ஏலம். ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் நெய் சேர்ந்திருப்பதைக் கவனிக்கவும். ‘ரோகன்’ எனத்தக்க உணவுதான். ஆனால் ரோகன் ஜோஷ் என்ற பெயர் அம்முப்பதில் இல்லை. மிளகாயும் இல்லை.

‘குறிப்பிடாமை என்பது இல்லாமைக்குச் சான்றாகுமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொதுவாக ஆகாது. ஆனால் இந்நூல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அன்னாசியைப் பதிவு செய்கிறது. அதற்கு வழங்கிய பெயரையும் விலையையும் கூடத் தருகிறது. மசாலாப் பொருள்களின் விலைப்பட்டியலில் உருண்டை மிளகையும் திப்பிலியையும் தனித்தனியே கணக்கிடுகிறது. புதிய கடல்வழிப் பழத்தைக் கண்டு எழுதிய கண்ணுக்கு மிளகாய் மட்டும் தப்பியிருக்கும் என்று கொள்வது கடினம். அக்பர் காஷ்மீரத்தைத் தம் ஆட்சியோடு இணைத்தது 1586இல். ஆக, காஷ்மீரம் முகலாய ஆட்சிக்குள் வந்த அந்தப் பத்தாண்டில் பேரரசின் தலைமைச் சமையற்கூடம் மிளகாயின்றியே இயங்கியது என்று உறுதியாகக் கூறலாம்.

4. ‘தம்’ என்னும் மூச்சு

மேலே கண்ட ‘தம்புக்த்’ என்ற சொல்லில் தம் என்பது மூச்சு, புக்த் என்பது வெந்தது. ‘தம் பிரியாணி’யில் நாம் சொல்லும் தம்மும், ‘தம் கட்டித் தூக்கினான்’ என்பதில் வரும் தம்மும் ஒன்றே. பாத்திரத்தின் வாயை மாவால் அடைத்து, நீராவி வெளியேறாதபடி, அதன் மூச்சிலேயே அதை வேகவைப்பது இம்முறை.

இம்முறை 1784ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பிறந்தது என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. இலக்னோவில் நவாபு ஆசபுத்தௌலா பெரிய இமாம்பாடாவைக் கட்டுவித்தபோது, தொழிலாளர்களுக்காகப் பெரும் அண்டாக்களில் உணவு இரவு பகலாக வெந்ததாம். அதிலிருந்து தம் சமையல் தோன்றியதாம். கட்டுமானம் உண்மை, பஞ்சமும் உண்மை. ஆனால் சமையல்முறையின் பெயரும் பொருளளவும் அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அக்பரின் அரசவை நூலில் பதிவாகியிருக்கின்றன. அரண்மனைக் கதைகள் உணவுக்குப் பிறந்தநாள் குறித்துத் தருவதில் வல்லவை. பிறப்புச் சான்றிதழைத் தருவதில்லை.

சிறுதீயின் தேவை அரசர்களின் விருப்பத்தைச் சார்ந்ததன்று; இறைச்சியின் இயல்பைச் சார்ந்தது. மலைச்சரிவில் ஏறி இறங்கிய ஆட்டின் தோளிலும் காலிலும் இணைப்புத் திசு மிகுதி. அதிலுள்ள கொலாஜன் என்னும் புரதம், ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேல் ஈரப்பதத்துடன் நீண்ட நேரம் வெந்தால்தான் கரைந்து கூழ்மமாகும். தீயைக் கூட்டினால் தசைநார் சுருங்கி நீரை இழந்து வறண்டுவிடும், திசுவோ இளகியிருக்காது. அவசரம் இங்கே எதிரி. சிரீநகரில் குளிர்காலக் காலைகளில் விற்கப்படும் ஹரீசா இரவு முழுதும் வெந்து மசிந்த இறைச்சியே. அப்பெயரும் அயினி அக்பரியின் பட்டியலில் உண்டு. எனினும் அங்குக் கோதுமை, காஷ்மீரத்தில் அரிசி. பெயர் நிலைத்திருக்க, உட்பொருள் மாறியிருக்கிறது.

5. கொழுப்பு சிவந்த கதை

இனி நிறத்துக்கு வருவோம். காஷ்மீரத்துச் சமையலில் சிவப்பைத் தரும் பொருள்கள் மிளகாயைத் தவிர இன்றும் இரண்டு உண்டு. ஒன்று ‘ரத்தன்ஜோத்’ எனப்படும் வேர்ப்பட்டை. மற்றொன்று ‘மாவல்’, அதாவது உலர்ந்த கோழிக்கொண்டைப் பூ. இவற்றைக் கையாளும் முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. ரத்தன்ஜோத்தைச் சூடான எண்ணெயில் அல்லது நெய்யில் இடுவார்கள். மாவலை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த நீரைச் சேர்ப்பார்கள். வேதியியல் இதற்கு விளக்கம் தருகிறது. முன்னதன் நிறமி கொழுப்பில் கரைவது; பின்னதன் நிறமி நீரில் கரைவது. வாஜா எனப்படும் மரபுவழிச் சமையலர் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தது இது.

காஷ்மீரி மிளகாயின் சிவப்பைத் தரும் நிறமியும் கொழுப்பில் கரைவதே. மிளகாயின் காரப்பொருளும் அப்படியே. ஆகவே கொழுப்பு மிகுந்து, நீண்ட நேரம் சிறுதீயில் நிற்கும் ஓர் உணவு, மிளகாய்க்கு முன்கூட்டியே அமைத்துவைத்த இடம் போல் இருந்தது. ரத்தன்ஜோத் செய்த நிறப்பணியையும் மிளகு செய்த காரப்பணியையும் ஒரே பொருளால் செய்ய முடிந்தது. தவிர, மிளகு ஈரமும் வெப்பமும் மிக்க மலபார்க் காட்டின் கொடி; பள்ளத்தாக்குக்கு அது எப்போதும் தொலைதூரச் சரக்கு. மிளகாயோ வீட்டுக் கொல்லையில் ஒரு கோடைக்குள் விளைந்து, கூரையில் காய்ந்து, குளிர்காலம் முழுதும் உதவும். மிளகாயின் வெற்றியை நாவின் சுவைமாற்றமாக மட்டும் விளக்குவது போதாது. அது வேளாண்மையும் வணிகமும் சார்ந்த வெற்றி.

ஆயினும் மிளகாய் எல்லா இடத்திலும் ஒரே பணியைச் செய்யவில்லை. காஷ்மீரி மிளகாய் நிறம் மிகுந்தது, காரம் குறைந்தது. அங்கே உறைப்பும் வெம்மையும் தருவதில் சுக்கு இன்றும் பெரும்பங்கு வகிக்கிறது. காஷ்மீரத்தார் மிளகாயிடமிருந்து முதன்மையாக நிறத்தையே கேட்டனர் என்பதற்கு அவர்கள் தேர்ந்து பேணிய வகையே சான்று. இராசசுதானத்தின் லால் மாஸோ நேர்மாறு. சோத்பூரை அடுத்த மதானியாவின் மிளகாய் அவ்வுணவில் நிறத்தோடு உக்கிரமான காரத்தையும் தருகிறது. காரமே அதன் அடையாளம். அதன் அருகிலேயே தயிரும் பாதாமும் சேர்ந்த சஃபேத் மாஸ் என்னும் வெண்ணிற இறைச்சியும் அங்கு உண்டு.

ஒப்புமைக்கு ஒரு வெளிநாட்டுச் சான்று: அங்கேரியின் பாப்ரிகா. அச்சொல்லும் இலத்தீன் ‘பிப்பெர்’ வழியாகப் பிப்பலிக்கே திரும்புகிறது. அங்கும் ஆட்டிறைச்சியை வெங்காயத்தோடும் கொழுப்போடும் மெல்ல வேகவைத்து, காரம் குறைந்த மிளகாய்த் தூளால் சிவக்கச் செய்கிறார்கள். காஷ்மீரத்துக்கும் அங்கேரிக்கும் சமையல் உறவு தேட வேண்டியதில்லை. ஒரே செடியும் ஒரே வகைக் கொழுப்புச் சமையலும் சந்தித்தால் ஒரே விளைவு தனித்தனியே தோன்றும். ஒற்றுமை கண்ட இடமெல்லாம் கடன் என்று எழுதும் நம் பழக்கத்துக்கு இது ஒரு மருந்து.

6. குறிப்பையே ஏடாகப் படித்தல்

காஷ்மீரப் பண்டிதர் வீடுகளில் வழங்கும் ரோகன் ஜோஷின் செய்முறையைச் சுருக்கமாகத் தருகிறேன். சமைக்க விரும்புவோர் சமைக்கலாம். ஆராய விரும்புவோர் ஆராயலாம்.

எலும்போடு கூடிய செம்மறித் தோள் அல்லது கால் இறைச்சியைப் பெரிய துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். (நாட்டின் பிற பகுதிகளில் மட்டன் என்று கேட்டால் பெரும்பாலும் வெள்ளாட்டிறைச்சி கிடைக்கும், மட்டன் என்ற சொல்லின் மூலமான பிரெஞ்சுச் சொல் செம்மறியைக் குறிப்பது. காஷ்மீரம் அந்தப் பழைய பொருளையே கடைப்பிடிக்கிறது.) கடுகெண்ணெயைப் புகை எழும்வரை காய்ச்சிச் சற்றே ஆறவிட்டு, கிராம்பும் கருப்பு ஏலமும் கரைத்த பெருங்காயமும் சேர்த்து, இறைச்சியை அதன் நீர் வற்றிப் பொன்னிறமாகும்வரை வதக்க வேண்டும். மிளகாய்த் தூளைச் சிறிது நீரில் கரைத்து ஊற்றி, எண்ணெய் சிவக்கும்வரை கிளற வேண்டும். கடைந்த தயிரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, திரியாதபடி கைவிடாமல் கிளறுவது முக்கியம். பிறகு சோம்புத்தூள், சுக்குத்தூள், உப்பு, இறைச்சி அமிழும் அளவு நீர். மூடியிட்டு, மிகச் சிறுதீயில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். சிவந்த எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்போது இறக்கலாம்.

இப்போது இக்குறிப்பிலிருந்து ஒவ்வொரு பொருளாக நீக்கிப் பாருங்கள். மிளகாயை எடுத்துவிட்டால் நிறம் வெளிறும். ஆனால் தயிரும் சோம்பும் சுக்கும் பெருங்காயமும் கொண்ட முழுமையான ஓர் உணவு எஞ்சும். கொழுப்பையோ நெடுநேரச் சிறுதீயையோ எடுத்துவிட்டால் உணவே இல்லை. கட்டமைப்பு பழையது, மிளகாய் அதில் இறுதியாக அமைந்த அடுக்கு. வெங்காயம், தக்காளி சேர்த்த உணவக வடிவத்தில் தக்காளியும் இன்னோர் அமெரிக்க வரவே.

மிளகாய் நுழையாத உணவுகள் காஷ்மீரத்தில் இன்னும் உள்ளன. தயிரில் வெந்த வெண்ணிற யக்னியும் பாலில் வெந்த ஆப் கோஷ்தும் அத்தகையவை. மொழியில் மிகப் பழைய வடிவங்கள் சில விதிவிலக்குகளில் ஒளிந்திருப்பது போல, இவை மிளகாய்க்கு முந்தைய சுவையமைப்பைக் காட்டக்கூடும். ஆனால் எச்சரிக்கை தேவை. மிளகாய் இல்லாததாலேயே ஓர் உணவு பழமையானது என்றாகிவிடாது. அயினி அக்பரியிலும் ‘யக்னி’ உண்டு; அங்கு அது இறைச்சி, வெங்காயம், உப்பு மட்டுமே கொண்டது. தயிர் யக்னி அதன் நேர் வாரிசு என்று பெயரொற்றுமையை மட்டும் கொண்டு கூற முடியாது.

7. எது அசல்?

இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு இங்குதான் விடை இருக்கிறது. ரோகன் ஜோஷுக்கு இரு பெரும் வடிவங்கள் உள்ளன. பண்டிதர் வடிவத்தில் வெங்காயமும் பூண்டும் இல்லை. பெருங்காயம், சோம்பு, சுக்கு உண்டு. முசுலிம்களின் வாஸ்வான் விருந்து வடிவத்தில் பூண்டும், ‘ப்ரான்’ எனப்படும் காஷ்மீரத்துச் சிறுவெங்காயமும், மாவலும் இடம்பெறும். இவற்றுள் எது அசல், எது நகல் என்ற விவாதம் இணையத்தில் ஓய்வதில்லை. 1990ஆம் ஆண்டின் பெயர்வுக்குப் பின் சம்முவிலும் தில்லியிலும் பிற நகரங்களிலும் வாழ நேர்ந்த பண்டிதர் குடும்பங்களுக்கு, ஹேரத் என்னும் சிவராத்திரிப் பெருநாளில் அடுப்பில் ஏறும் இறைச்சி வெறும் உணவன்று. விட்டுவந்த வீட்டின் மணம். பள்ளத்தாக்கிலேயே வாழ்வோருக்கு, திருமண விருந்தில் நால்வர் ஒரு தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும் அவ்வுணவு, இடர்மிகுந்த ஆண்டுகளிலும் அறுபடாமல் காத்த சமூக உறவு. இருவரில் எவரிடம் போய் ‘உம்முடையது திரிபு’ என்று சொல்வது?

மொழியியல் இதற்கு ஒரு பார்வையைத் தருகிறது. ஒரே மூலத்தின் இரு வட்டார வழக்குகளில் ஒன்றைத் தூயது, மற்றதைச் சிதைவு என்று பிரிப்பதை நம் துறை கைவிட்டு நெடுங்காலமாயிற்று. ஒவ்வொரு வழக்கும் சில பழைமைகளைப் பேணும். சில புதுமைகளை ஏற்கும். ரோகன் ஜோஷின் இரு வடிவங்களும் அத்தகையவை. இரண்டுக்கும் பொதுவானவை கொழுப்பும் சிறுதீயும் செம்மறியும் சிவப்பும். அந்தச் சிவப்புக்கு இருவருமே கடல்கடந்து வந்த அதே மிளகாயைத் தயக்கமின்றி ஏற்றிருக்கிறார்கள். தூய்மையை நிலைநாட்ட முனையும் எவரும் முதலில் அந்த மிளகாய்க்கு விடை சொல்லியாக வேண்டும்.

எதிர்த்திசையில் ஒரு தூய்மைவாதமும் வளர்ந்து வருகிறது: ‘மிளகாய் அந்நியம், அதை நீக்கினால்தான் உண்மையான இந்திய உணவு’ என்பது. மிளகாயை இன்று உலகில் மிகுதியாக விளைவிக்கும் நாடுகளுள் முன்னிற்பது இந்தியா. நூற்றாண்டுகளாக இந்நிலத்து உழவர்கள் தேர்ந்து, விதை காத்து, காஷ்மீரி, மதானியா, பியாட்கி, குண்டூர் என்று தனித்தனி இயல்புகளோடு வளர்த்தெடுத்த காயை அந்நியம் என்பது அந்த உழைப்பை மறுப்பதாகும். வந்த நாளை அறிவது வரலாறு. வந்த நாளைக் காட்டி வெளியேறச் சொல்வது வரலாறாகாது.

ஏடுகளோடு பணியாற்றும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடமொழி நூலின் ‘மரிச’, இந்தி உரையில் வெறும் ‘மிர்ச்’ ஆகி, அங்கிருந்து தமிழுக்கு ‘மிளகாய்’ என வந்துவிட்டால், ஒரே அடியில் நாம் ஐந்நூறு ஆண்டுகளைப் பிழைபடுத்திவிடுகிறோம். அப்பிழை அடிக்குறிப்பில் ஏறினால் ‘பழந்தமிழர் மிளகாய் உண்டனர்’, ‘சரகர் மிளகாயைப் பரிந்துரைத்தார்’ என்றெல்லாம் உறுதியான வரிகளாக மாறும். மசாலாப் பெயர் எதைக் கண்டாலும் நூலின் காலம், மொழிபெயர்ப்பின் காலம், அச்சொல்லின் அன்றைய பொருள் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டு வழக்கில் மிளகுக்கும் மிளகாய்க்கும் என்ன பெயர்கள் வழங்குகின்றன என்பதை ஊர்ப்பெயரோடு பின்னூட்டத்தில் எழுதினால் நன்றியுடையேன். துளு, கொங்கணி, படகு, சௌராட்டிரம், ஒடியா பேசும் நண்பர்களின் குறிப்புகள் குறிப்பாகப் பயன்படும். அகராதிகள் தவறவிட்ட சொற்கள் பல இன்னும் அஞ்சறைப் பெட்டிக்கு அருகில்தான் இருக்கின்றன.